உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒரு பெட்டி

கதிர்,

நீ கேட்ட அளவு என்னிடம் இருக்கிறது. அனுப்ப மாட்டேன்.

இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மிச்சத்தைப் பொறுமையாக எழுதலாம் என்று நினைத்தேன். பொறுமை வரவில்லை. நீ அனுப்பிய குரல் செய்தியைப் பட்டறையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் திறந்தேன். கையில் சோறு, அதனால் போனைப் பலகை மேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டேன். கூட உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் எல்லோரும் கேட்டார்கள். "அப்பா, ஒரு உதவி. இங்க மூணு பொணப்பொதி கெடச்சிருக்கு. மூணும் உக்காந்த நெலமையில இருக்கு. இங்க இருக்கற ஆசாரிங்களுக்கு மியூசியம் பெட்டி செய்யத் தெரியல. போன வருஷம் நீங்க ஒண்ணு பண்ணீங்களே, அந்த டிராயிங்க அனுப்புங்க. சனிக்கிழமை ஊர்க்காரங்களுக்குத் திருவிழா, எல்லாரும் டவுனுக்குப் போயிருவாங்க. அன்னிக்கே தூக்கிரலாம்னு இருக்கோம். இல்லன்னா அந்தப் பொம்பள வந்து மறுபடியும் கத்தும்." கடைசியில் ஒரு சிரிப்பு. எனக்கு எதிரே முதுகுளத்தூர் மாரிமுத்து உட்கார்ந்திருந்தான். "அண்ணே, ஆள் இல்லாத நேரம் பாத்துத் தூக்கறதுக்குப் பேரு ஆராய்ச்சியா? எங்க ஊர்ல அதுக்கு வேற பேருண்ணே" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்கப்புறம் எழுந்து கையைக் கழுவிவிட்டேன்.

என் மகன் பெரு நாட்டில் ஆயிரம் வருடத்துக்கு முந்தைய மனிதர்களைத் தோண்டி எடுக்கிறான் என்று இங்கே ரோலா கடைத்தெருவில் டீக்கடைக்காரர் முதல் துபாய் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்காரும் ஆள் வரைக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். ஷார்ஜாவில் இருபத்து மூன்று வருடமாக மரப்பெட்டி அடிக்கிறவனின் பையன் அப்படிப் போனது எனக்குச் சின்ன விஷயம் இல்லை. அதனால் உன்மேல் எனக்கு வரும் கோபத்தில் பாதி என் பெருமையின் மேல் வரும் கோபம். அதையும் சேர்த்தே வாங்கிக்கொள். இதை உனக்கு அனுப்புவதோடு பட்டறை ஆட்கள் குழுவிலும் போடப்போகிறேன். அவர்கள் காதில் விழுந்த கேள்விக்கு அவர்கள் காதில் விழும்படியே பதில் சொல்வதுதான் முறை.

நீ 'அந்தப் பொம்பள' என்று சொன்னவளைப் பற்றிப் போன மாதமே என்னிடம் சொல்லியிருந்தாய். அந்த ஊரில் சோளத்தை ஊறவைத்துக் கள் மாதிரி ஒன்றைக் காய்ச்சி விற்கிறவள். முதல் குவளையைக் குடிக்காமல் மணலில் ஊற்றுகிறவள். உங்கள் குழியின் ஓரத்தில் வந்து நின்று அவள் என்ன கேட்டாள்? தோண்டாதே என்றாளா? இல்லை. எடுத்துக்கொண்டு போக அரசாங்கம் சொல்லியிருக்கிறது என்றால் எடுத்துப் போங்கள், ஆனால் தூக்கும்போது நாங்கள் கூட இருக்க வேண்டும், ஒவ்வொருவர் மேலும் ஒரு புதுத் துணி போர்த்த வேண்டும் என்றாள். அவ்வளவுதான். உங்கள் பேராசிரியர், புதுத் துணியின் நூல் பழைய துணியில் ஒட்டினால் ஆராய்ச்சி மாதிரி கெட்டுவிடும் என்றாராம். நீ அதற்கு மேல் ஒரு படி போய் என்னிடம் சொன்னாய்: "இவங்களுக்கும் அந்தப் பொதிக்கும் நடுவுல ஆயிரம் வருஷம் இருக்குப்பா. இவங்க பேசறது ஸ்பானிஷ், கும்பிடறது மாதாவ. எங்க பாட்டன்னு சொன்னா ஆயிருமா? என்ன ஆதாரம்?"

ஆதாரம் என்ற வார்த்தையை இந்த ஊரில் எத்தனை ஜன்னலுக்கு முன்னால் நின்று கேட்டிருக்கிறேன் தெரியுமா? உன் சித்தப்பா பிணவறையில் கிடந்தபோது ஒரு ஜன்னலில் என்னைக் கேட்டார்கள், நீ அவருக்கு அண்ணன் என்பதற்கு என்ன ஆதாரம் என்று. அவன் மூக்கும் என் மூக்கும் ஒன்று. உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வா என்று சொல்ல நினைத்தேன். தலையைக் குனிந்துகொண்டு காகிதம் தேடப் போனேன். பன்னிரண்டு வருடத்துக்கு அப்புறம் அதே கேள்வியை என் மகன் வேறொரு ஜன்னலுக்கு உள்பக்கம் உட்கார்ந்துகொண்டு கேட்கிறான். படிக்க வைத்ததற்கு இதுதான் கிடைத்தது.

போன வருடம் நான் செய்த அந்தப் பெட்டியைப் பற்றி உனக்குப் பாதிதான் சொல்லியிருக்கிறேன். இங்கே ஒரு கண்காட்சிக்காக உங்கள் பெருவிலிருந்து ஒரு பொதி வந்திருந்தது. வந்த பெட்டியின் ஒரு பக்கம் விரிசல் விட்டிருந்ததால், திரும்பிப் போவதற்குப் புதிதாக ஒன்று செய்ய என்னை அளவெடுக்கக் கூப்பிட்டார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுக் காலுக்குத் துணியுறை மாட்டிக்கொண்டு உள்ளே போனேன். குளிரூட்டிய அறை. நடுவில் மேஜை மேல் அவர் உட்கார்ந்திருந்தார். டீ நிறத்தில் துணி, அடுக்கடுக்காகச் சுற்றியது. உச்சியில் மரத்தில் செதுக்கிய ஒரு பொய்த்தலை, சிவப்புப் பூசி, கண்ணுக்குச் சிப்பி பதித்தது. தொடாமல் அளக்கச் சொன்னார்கள். நான் டேப்பைக் காற்றில் பிடித்து அளந்தேன். முப்பத்து மூன்று அங்குல உயரம். என் இடுப்பு உயரம்கூட இல்லை. அவருடைய ஊரிலிருந்து துணைக்கு ஒரு அம்மா வந்திருந்தார். பெட்டி விமான நிலையத்திலிருந்து வந்ததும் இருபத்து நாலு மணி நேரம் யாரும் திறக்கக்கூடாது என்று அவர்தான் சொல்லியிருந்தாராம், உள்ளே இருக்கிறவர் இந்த ஊர்க் காற்றுக்குப் பழக வேண்டும் என்று. பெட்டியின் வெளியே ஒரு ஸ்டிக்கர், யாராவது வேகமாகக் கீழே வைத்தால் சிவப்பாக மாறிக் காட்டிக்கொடுக்கும். தூக்குவதற்கு முன்னால் அந்த அம்மா குனிந்து பொதியிடம் ஏதோ முணுமுணுத்தார். பக்கத்திலிருந்த மலையாளி சூப்பர்வைசரிடம் என்ன சொல்றாங்க என்று கேட்டேன். அவர் விசாரித்துவிட்டு வந்து சொன்னார்: "தூக்கப் போறோம், பயப்படாதீங்கன்னு சொல்றாங்களாம்."

அன்றைக்கு உன்னைக் கூப்பிட்டேன், ஞாபகம் இருக்கிறதா? நீ ஒரு மணி நேரம் நிறுத்தாமல் பேசினாய். இறந்தவரை முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார வைப்பார்கள், பஞ்சு வைத்துத் துணி சுற்றுவார்கள், மடியில் சோளம், வேர்க்கடலை, பெண்ணாக இருந்தால் நூல் நூற்கும் கதிர் வைத்த கூடை என்றாய். சுற்றி முடித்ததோடு விட மாட்டார்கள், பிறகும் சொந்தக்காரர்கள் வந்து மேலே புதுத் துணி சுற்றிவிட்டுப் போவார்கள் என்றாய். மலைப்பக்கத்து ராஜாக்கள் செத்த பிறகும் அவர்களுடைய வீடும் நிலமும் அவர்கள் பேரிலேயே இருக்கும், திருவிழாவுக்குப் பல்லக்கில் வைத்துச் சதுக்கத்துக்குக் கொண்டுவந்து குடிக்கக் கொடுப்பார்கள், உடை மாற்றுவார்கள், யோசனைகூடக் கேட்பார்கள் என்றாய். அப்புறம் கப்பலில் வந்தவர்கள் அந்த உடல்களைப் பிடுங்கிக்கொண்டு போனதையும், சாத்தான் என்று சொல்லி ஊர் ஊராக எரித்ததையும் சொன்னாய். இனிமேல் சர்ச் மண்ணில்தான் புதைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார்களாம். அந்த ஜனங்கள் பகலில் அழுதுகொண்டே புதைத்துவிட்டு, ஆள் இல்லாதபோது போய்த் தோண்டி எடுத்துப் பழைய குகையில் உட்கார வைத்தார்களாம். பிடிபட்டபோது ஏன் செய்தாய் என்று கேட்டால், மண்ணின் பாரம் எங்கள் ஆட்களை அழுத்துகிறது, பாசத்தில் செய்தோம் என்றார்களாம். சொல்லும்போது உன் குரல் உடைந்தது. "நம்ம ஆளுங்க மாதிரியே இருக்கேப்பா" என்று நான் சொன்னேன். நீ பேச்சை மாற்றிவிட்டாய். ஏன் மாற்றினாய் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நம் ஆட்களில் செத்தவரைப் படுக்க வைத்துப் புதைப்பது கிடையாது. உட்கார வைத்துத்தான். உன் தாத்தாவை அப்படித்தான் வைத்தோம். சம்மணம் போட்டு உட்கார்ந்த ஆளுக்கு ஆழமாகவும் குறுகலாகவும் குழி வெட்டி, கழுத்துவரைக்கும் உப்பும் விபூதியும் கொட்டி, முகத்தைக் கடைசியாக மூடுவோம். அதற்கு முன்னால் ஒவ்வொரு உறவும் கோடித் துணி கொண்டுவந்து மேலே போர்த்த வேண்டும். கட்டிக்கொடுத்த வீட்டுக் கோடி, பிறந்த வீட்டுக் கோடி, சம்பந்தி வீட்டுக் கோடி என்று. துணி போர்த்தும்போதுதான் அழுகையே வரும். நீ ஆயிரம் வருடத்துக்கு முந்தைய பழக்கம் என்று கட்டுரை எழுதுவது உன் சித்தி வீட்டில் நடக்க வேண்டியிருந்த காரியம். நடக்கவில்லை. அது ஏன் நடக்கவில்லை என்பதில் உனக்குத் தெரிந்த பாதியை நான் முதலில் எழுதுகிறேன், தெரியாத பாதியை அப்புறம்.

உன் சித்தப்பாவை இங்கே விசா எடுத்துக் கூட்டிவந்தது நான்தான். ஊரில் ஒழுங்காகக் கொத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தவனைப் பெட்டி அடிக்கிற வேலை என்று சொல்லி வரவழைத்தேன். வந்தபின் எங்கள் கம்பெனியில் இடம் இல்லை என்றார்கள். புஜைராவில் எண்ணெய் டேங்குகளுக்கு வெளியே சாரம் கட்டும் வேலைக்குத் தள்ளினார்கள். ஆகஸ்ட் மாதம், இரும்புத் தொட்டியின் பக்கத்தில் பத்து நிமிடம் நின்று பார்த்தவனுக்குத்தான் அந்த வேலை என்னவென்று தெரியும். ஒரு நாள் டூட்டி முடிந்து கேம்ப் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தவன் கேம்ப் வந்ததும் எழுந்திருக்கவில்லை. முப்பத்தைந்து வயது. காகிதத்தில் இதயம் நின்றுவிட்டது என்று எழுதினார்கள். இதயம் நிற்காமல் உலகத்தில் எவன் செத்திருக்கிறான்? ஏன் நின்றது என்று கேட்க ஒரு ஆள் இல்லை. கேட்டால் காகிதம் தாமதமாகும், காகிதம் தாமதமானால் உடல் தாமதமாகும் என்று சொன்னார்கள். நான் கேட்கவில்லை. போன வருடம் அந்தக் கண்காட்சியில் பொதிக்குப் பக்கத்தில் ஒரு பலகை வைத்திருந்தார்கள். ஆண், வயது முப்பத்தைந்து இருக்கலாம், சின்ன வயதிலிருந்து பாரம் தூக்கியதால் முதுகெலும்பு தேய்ந்திருக்கிறது என்று. துணியைப் பிரிக்காமலே படம் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். எனக்கு அந்தப் படத்தின்மேல் கோபம் இல்லை கதிர். ஆயிரம் வருடம் கழித்தாவது அந்தச் சுமை தூக்கியின் முதுகை ஒருவன் பார்த்தானே. என் தம்பிக்கு அவன் செத்த வாரத்தில்கூட ஒருவனும் பார்க்கவில்லை என்பதுதான் கோபம். பலகைக்கு முன்னால் நின்று நான் படித்துக்கொண்டே இருந்தேன். காவலாளி வந்து, "பாய், ஆகே ஜாவ்" என்றான், நகர்ந்து போ என்று.

எங்கள் பட்டறையில் மியூசியம் பெட்டியும் அடிப்போம், இயந்திரப் பெட்டியும் அடிப்போம், ஊருக்குப் போகும் சவப்பெட்டியும் அடிப்போம். மூன்றும் ஒரே பலகை, ஒரே ரம்பம். தம்பியின் பெட்டியை வேறு யாரும் தொடக்கூடாது என்று சொல்லி நானே செய்தேன். அங்கேதான் தப்புச் செய்தேன். சவப்பெட்டி என்றால் மூடிக்கு எட்டு ஸ்க்ரூ, ஊரில் யார் வேண்டுமானாலும் கழற்றலாம். சாதாரணமாக அப்படித்தான் செய்வேன். ஆனால் கார்கோவில் பெட்டிகளை எப்படித் தள்ளுகிறார்கள், எப்படித் தூக்கிப் போடுகிறார்கள் என்று எத்தனையோ வருடமாகப் பார்த்தவன் நான். என் தம்பியின் பெட்டி வழியில் வாய் பிளந்துவிடக் கூடாது என்ற ஒரே பயத்தில் இயந்திரத்துக்கு அடிப்பது மாதிரி அடித்தேன். மூட்டு எல்லாவற்றுக்கும் பசை. மூடியைச் சுற்றிலும் ஆணி அடிக்கும் கன் வைத்து நெருக்கமாக முறுக்கு ஆணி, தலை மரத்துக்குள்ளே புதையும்படி. மேலே நாலு இடத்தில் இரும்புப் பட்டை. எம்பாமிங் முடிந்து உள்ளே வைத்ததும் மூடியதும் நான்தான். மூடிவிட்டு மேலே ஏறி நின்று பார்த்தேன், அசையவில்லை. நல்ல வேலை என்று நினைத்தேன். இதை எழுதும்போதுகூட அந்த நினைப்பு வந்ததற்கு வெட்கமாக இருக்கிறது.

அடுத்த நாள் நீ போன் பண்ணினாய். அப்போது உனக்குப் பதினாறு. "அப்பா, பெட்டி வந்துருச்சு. தொறக்க மாட்டேங்குது. எந்தப் பக்கம்ப்பா தொறக்கணும்?"

"ஆணி தெரியுதா பாரு."

"தெரியுதுப்பா. தல உள்ள போயிருக்கு. கொறடு பிடிக்க மாட்டேங்குது. பட்டைய அறுத்துட்டாங்க. மாமா கடப்பாறை கொண்டாந்துட்டாரு, நெம்பட்டுமான்னு கேக்கறாரு."

"நெம்பாதீங்க! தலை இருக்கற பக்கம் வேணாம்."

"தலை எந்தப் பக்கம்ப்பா?"

எனக்குத் தெரியவில்லை கதிர். பெட்டியில் நான் குறி போடவில்லை. மியூசியம் பெட்டி என்றால் நாலு பக்கமும் மேல்நோக்கி அம்புக்குறி போடுகிறவன், கண்ணாடிக் குவளைப் படம் ஒட்டுகிறவன், என் தம்பிக்குத் தலை எது கால் எது என்று ஒரு பென்சில் கோடு போடவில்லை. போனில் உன் சித்தியின் சத்தம் கேட்டது. அவள் அழவில்லை, பலகையைத் தட்டிக்கொண்டிருந்தாள். டொக் டொக் என்று, கதவைத் தட்டுகிற மாதிரி. அப்புறம் யாரோ உன் கையிலிருந்து போனை வாங்கி, விடுங்க, அப்படியே எடுத்துரலாம் என்றார்கள். மிச்சத்தை உன் அம்மா சொன்னாள். பிறந்த வீட்டுக் கோடியைப் பலகை மேல் போர்த்தினார்களாம். வழுக்கி வழுக்கி விழுந்ததால் கல் வைத்தார்களாம். உட்கார வைப்பதற்கு என்று வெட்டி வைத்த குழிக்குள் என் பெட்டி போகவில்லை. பெட்டியை வெயிலில் தரையில் வைத்துவிட்டு, இன்னொரு தடவை குழியை நீளமாக வெட்டினார்களாம். வெட்டினவர்களில் நீயும் ஒருத்தன். நீ முதல் முதலாகத் தோண்டியது அதைத்தான். அதைப் பற்றி நீயும் நானும் இன்றுவரைக்கும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

இதுவரைக்கும் உனக்குத் தெரிந்தது. தெரியாதது இதுதான். எனக்கு லீவு கொடுக்கவில்லை, மாஃபி லீவு என்று முகத்தில் அடித்தார்கள் என்று வீட்டில் சொன்னேன். உன் சித்தி இன்றைக்கும் அந்த ஃபோர்மேனைச் சபிக்கிறாள். அவர் பாவம். நான் லீவு கேட்கவே இல்லை. உடலோடு கூடப் போகிறாயா என்று அவர்தான் என்னிடம் கேட்டார். அவசர வேலை இருக்கிறது என்று சொல்லிப் பட்டறைக்குள் போய்விட்டேன். நான் கூட்டிவந்தவனை நான் கொண்டுபோய்ச் சேர்த்து, அவன் பொண்டாட்டி முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அதற்குப் பதிலாகத்தான் அவ்வளவு பசையும் அவ்வளவு ஆணியும். கூடப் போயிருந்தால் எந்தப் பக்கம் திறப்பது என்று யாரும் யாரையும் கேட்டிருக்க வேண்டாம். என் கையில் உளி இருந்திருக்கும்.

இப்போது சொல். சனிக்கிழமை நீங்கள் செய்யப்போவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? நான் ஒரு பெண்ணின் முகத்தைப் பார்க்காமல் தப்பிக்க வேலைக்குப் பின்னால் ஒளிந்தேன். நீயும் அதையே செய்கிறாய். உனக்கு வேலைக்குப் பதில் மாதிரி, மாசு, காலவரிசை. நூல் ஒட்டிவிடும் என்பதுதான் பிரச்சினை என்றால் நடுவில் ஒரு தாள் வைத்துத் துணியைப் போடலாம், இதைச் சொல்லப் பெட்டி அடிக்கிறவன் போதும். உங்கள் பிரச்சினை நூல் இல்லை. அவள் அழுவாள், அதை நின்று பார்க்க வேண்டும், அதுதான். நீங்கள் எடுக்காவிட்டால் திருடர்கள் வந்து துணிக்காகக் கிழித்துப் போட்டுவிடுவார்கள் என்று நீ சொல்வாய். சரி, நான் நம்புகிறேன். எடு. எடுக்காதே என்று நான் ஒரு வரி எழுதியிருக்கிறேனா? ஆனால் திருடனும் ஆள் இல்லாத நாள் பார்த்துத்தான் வருவான். சர்ச் மண்ணிலிருந்து தங்கள் ஆட்களைத் திருட்டுத்தனமாக எடுத்துப் போனவர்களைப் பற்றிக் குரல் உடைய எனக்குச் சொன்னவன் நீ. அவர்கள் உட்கார வைப்பதற்காகத் திருடினார்கள். நீங்கள் எண் போடுவதற்காகத் திருடப்போகிறீர்கள். ஐந்நூறு வருடத்துக்கு முன்னால் கப்பலில் வந்தவன் அவர்களைப் பார்த்து இது உன் பாட்டன் இல்லை, சாத்தான் என்றான். இப்போது விமானத்தில் போன நீ, இது உன் பாட்டன் இல்லை, மாதிரி என்கிறாய். அவளுக்கு இரண்டும் ஒன்றுதான்.

இன்னொன்று. நீ அவளை 'அந்தப் பொம்பள' என்று சொன்ன தொனி எனக்குப் பழக்கமான தொனி. கேம்ப்பில் எங்களைப் பற்றி அப்படித்தான் பேசுவார்கள், நாங்கள் பக்கத்தில் நிற்கும்போதே. நானும் இப்போது ஃபோர்மேன்தான், நானும் யல்லா யல்லா என்று கத்துகிறவன்தான், நான் யோக்கியன் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்தத் தொனி நம் வீட்டுக்குள் வந்துவிடக் கூடாது என்றுதான் உன் அம்மா உன்னைத் தனியாக வளர்த்தாள், நான் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை விருந்தாளி மாதிரி வந்து போனேன். அவளுக்கு ஒரு பேர் இருக்கும். கேட்டாயா? மூன்று பொதிக்கும் எண் போட்டுவிட்டதாகச் சொன்னாயே, உயிரோடு இருக்கிற ஒருத்தியின் பேர் தெரியுமா உனக்கு?

நான் எனக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். அடுத்த மாதம் ஊருக்குப் போகிறேன். உன் சித்தியிடம் இந்தக் கடிதத்தில் உள்ளதை என் வாயால் சொல்வேன். அவள் செருப்பைக் கழற்றினால் நின்று வாங்கிக்கொள்வேன். பன்னிரண்டு வருடம் தாமதம், அதனால் எதுவும் சரியாகிவிடாது. அவள் பலகையைத் தட்டிய சத்தத்தை நான் திருப்பி எடுக்க முடியாது. உனக்கு அப்படி இல்லை. இன்றைக்கு வியாழக்கிழமை. உனக்கு இன்னும் நாள் இருக்கிறது.

புது டிராயிங் தயார். நேற்றுப் பட்டறை மூடுவதற்கு முன்னால் மாரிமுத்துவை உட்கார வைத்து, முழங்காலை நெஞ்சோடு கட்டிப்பிடிக்கச் சொல்லி, சரிபார்த்து வரைந்தேன். "அண்ணே, உள்ள உக்காந்தா நல்லாத்தான் இருக்கு, ஆனா ஏசி இல்லியே" என்றான் கழுதை. பசை கிடையாது. ஆணி கிடையாது. மூடியில் எட்டு இடத்தில் கையால் கழற்றுகிற திருகு, ஸ்பேனர்கூட வேண்டாம். உங்கள் ஊர் ஆசாரி கண்ணை மூடிக்கொண்டு செய்வான். உச்சியில் மூன்று அங்குலம் அதிகமாக விட்டிருக்கிறேன், எதற்கு என்று பேராசிரியர் கேட்டால் துணிக்கு என்று சொல். முகம் எந்தப் பக்கம் என்று வெளியே குறி போட்டிருக்கிறேன்.

அந்தக் காகிதம் என் சட்டைப் பையில் இருக்கிறது. திருவிழாவை அவர்கள் கொண்டாடி முடிக்கட்டும். அப்புறம் நீயே அவள் வீட்டுக்குப் போ, ஆள் அனுப்பாதே. பேர் கேள். அந்தப் பேரை எனக்கு எழுது, அன்றைக்கே காகிதத்தை அனுப்புகிறேன். பெட்டி ஆனதும் கூட்டி வா. அவள் துணியைப் போர்த்தட்டும், எவ்வளவு நேரமானாலும் பக்கத்தில் நில், வேறு பக்கம் திரும்பாதே. தூக்கப் போகிறோம், பயப்படாதீர்கள் என்று அந்த மூன்று பேரிடமும் அவளையே சொல்லச் சொல். எல்லாம் முடிந்தபிறகு எனக்குப் போன் பண்ணு. எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று இந்தத் தடவை சொல்கிறேன்.

அப்பா